கீழூரில் விழுந்த வாக்கும் அல்ஜியர்ஸில் எழுந்த துப்பாக்கியும்



ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று நம் பிள்ளைகள் பள்ளியில் கொடியேற்றம் கண்டு, கையில் இனிப்போடு வீடு திரும்புகின்றனர். மறுநாள் ஆகஸ்ட் 16 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூர் நினைவிடத்தில் மீண்டும் ஒரு கொடியேற்றம் நடைபெறுகிறது. நவம்பர் 1 வந்தால் புதுச்சேரி விடுதலை நாள் என்று இன்னொரு விழா. "நமக்கு மட்டும் ஏன் மூன்று நாள்?" என்று பிள்ளைகள் கேட்டால், வெள்ளைக்காரன் வேறு, பிரெஞ்சுக்காரன் வேறு என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம்.

அந்த விடை பாதிதான். 1954ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று கைமாறிய ஊர்கள், சட்டப்படி இந்தியாவுடையவை ஆனது 1962ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று. இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுக் காத்திருப்பின் காரணத்தை வில்லியனூரிலோ பாகூரிலோ தேடினால் கிடைக்காது. அது கடல் கடந்து, அல்ஜீரியா என்னும் முஸ்லிம் நாட்டின் தெருக்களிலும், அங்கே தம்மை அனுப்பிய அரசையே மிரட்டத் துணிந்த பிரெஞ்சுப் படைத்தளபதிகளின் பாசறைகளிலும் இருக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் மீது இராணுவம் கைவைத்தால் எவ்வளவு தொலைவில் உள்ள எளிய மனிதர்கள் வரை அதன் விலையைச் செலுத்த நேரிடும் என்பதற்கு நம் ஊர்களே சான்று. அந்த வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

படை உதவிக்குக் கூலியாக வந்த ஊர்கள்

வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன விதமே ஒரு பாடம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆற்காட்டு நவாபுப் பதவிக்கும் தக்காணத்து நிஜாம் பதவிக்கும் போட்டி எழுந்தது. சந்தா சாகிப் நவாபாக விரும்பினார். முசாபர் ஜங் நிஜாமாக விரும்பினார். இருவருக்கும் படை தேவைப்பட்டது. புதுச்சேரி ஆளுநர் டூப்ளேயிடம் பயிற்சி பெற்ற படை இருந்தது. 1749ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். வென்றவர்கள் நன்றிக்கடனாகப் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கியவற்றுள் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் ஊர்கள் அடங்கும்.

உதவி பெற்றவர்களின் முடிவு என்ன? முசாபர் ஜங் 1751இன் தொடக்கத்தில் போரில் மாண்டார். சந்தா சாகிப் 1752இல் திருச்சியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு பாகூர் வயல்களிலேயே ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. அரியணைக்கு ஆள் வைக்க அழைத்து வரப்பட்ட படை, பின்னர் அரியணையையே தனதாக்கிக் கொண்டது. ஆங்கிலேயர் தமிழகத்தை எடுத்துக் கொண்டனர். பிரெஞ்சுக்காரர் தமக்கு வாய்த்த துண்டுகளை வைத்துக் கொண்டனர். இன்றும் பாகூர்ப் பக்கம் பேருந்தில் செல்வோர், ஓர் ஊர் புதுச்சேரியிலும் அடுத்த ஊர் கடலூர் மாவட்டத்திலும் மாறி மாறி வருவதைக் காண்கின்றனர். வாரிசுச் சண்டைகளும் அவற்றைத் தீர்க்க வந்த படைகளும் விட்டுச்சென்ற கிழிசல் அது.

கீழூரில் 178 பேர்

இருநூறு ஆண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 1947இல் இந்தியா விடுதலை பெற்றபின் பிரெஞ்சிந்தியாவின் நாட்கள் எண்ணப்படத் தொடங்கின. சந்திரநாகூர் மக்கள் 1949இல் வாக்களித்து இந்தியாவுடன் இணைந்தனர். புதுச்சேரியில் கொம்யூன் மன்றங்களின் மேர்களும் உறுப்பினர்களும் 1954 மார்ச்சில் இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினர். பிரெஞ்சு நிர்வாகம் அதை ஏற்கவில்லை. மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்றது. மார்ச் 31 அன்று எதுவார் குபேர் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார். நேற்றுவரை பிரெஞ்சு அரசின் செல்வாக்கில் வளர்ந்தவர்களே அணி மாறியது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைக் காட்டியது. ஏனாமும் மாஹேயும் அந்தக் கோடையிலேயே விடுபட்டன.

அதே ஆண்டு மே 7 அன்று வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி கண்டது. புதிதாகப் பிரதமரான பியர் மெந்தேஸ் பிரான்ஸ், கைவிட வேண்டியவற்றைக் கௌரவமாகக் கைவிடுவதே நல்லது என்று கருதியவர். புதுச்சேரி குறித்தும் உடன்பாடு பிறந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளே கூடி முடிவெடுக்கட்டும் என்றனர்.

1954ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். பீரங்கி முழங்கவில்லை. எதிர்த்த எட்டுப் பேரின் வாக்கும் எண்ணப்பட்டது. அந்த எண்ணிக்கையும் வரலாற்றில் நின்றது. படை உதவிக்குக் கூலியாகக் கைமாறிய ஊர்கள், இம்முறை வாக்கால் கைமாறின. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

ஒரே நாள், இரு நிகழ்வுகள்

இங்கே ஒரு வியப்பைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி அமைதியாக இறங்கிய அதே 1954 நவம்பர் 1 அன்றுதான், அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணி தன் முதல் தாக்குதல்களை நடத்தி விடுதலைப் போரைத் தொடங்கியது. ஒரே பேரரசின் இரு கதவுகளில் ஒன்று மூடிய நாளில் மற்றொன்றில் தீப்பற்றியது.

அல்ஜீரியா பிரான்சுக்குப் புதுச்சேரி போன்றதன்று. 1830 முதல் பிடித்து வைத்திருந்த நாடு. அதைக் குடியேற்ற நாடு என்றுகூடச் சொல்லாமல், பிரான்சின் மாவட்டங்கள் என்றே சட்டத்தில் எழுதியிருந்தனர். ஏறத்தாழ பத்து இலட்சம் ஐரோப்பியர் அங்கே குடியேறியிருந்தனர். சுமார் தொண்ணூறு இலட்சம் முஸ்லிம்கள் தம் மண்ணிலேயே இரண்டாந்தரக் குடிகளாக வாழ்ந்தனர்.

1956ஆம் ஆண்டு மே 28 அன்று புதுதில்லியில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்ட்ரோரோக்கும் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவற்றை ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். அது நடைமுறைக்கு வரப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். பிரெஞ்சு அரசமைப்போ, ஒரு நிலப்பகுதியை விட்டுக்கொடுக்க அங்குள்ள மக்களின் இசைவு வேண்டும் என்றது. கீழூரில் வாக்களித்தவர்கள் பிரதிநிதிகள்தாமே, மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லையே என்று பாரிசில் வாதிட இடம் இருந்தது. அதைவிடப் பெரிய அச்சம் வேறு. புதுச்சேரியை விட்டால் நாளை அல்ஜீரியாவையும் விடுவார்கள் என்று கூக்குரல் எழும். அந்தக் கூக்குரலை எழுப்பக் காத்திருந்தவர்களின் பின்னால் இராணுவம் நின்றது. அல்ஜீரியப் போர் ஓயும்வரை இந்தக் கோப்பைத் திறக்கப் பாரிசில் எந்த அரசும் முன்வரவில்லை.

சாவியைக் கொடுத்தவர்கள் யார்?

இராணுவம் ஒரே இரவில் அரசியலுக்குள் நுழைவதில்லை. பெரும்பாலும் அரசியல்வாதிகளே கதவைத் திறந்து உள்ளே அழைக்கின்றனர். அல்ஜீரியாவில் நடந்தது இதுதான்.

1956 மார்ச்சில் பிரெஞ்சு நாடாளுமன்றம் அல்ஜீரியாவில் சிறப்பு அதிகாரங்களை வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு வாக்களித்தவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. 1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரத்தின் காவல்துறை அதிகாரம் முழுவதும் ஜெனரல் ஜாக் மாசுவின் வான்குடைப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. நகரத்தின் பழைய முஸ்லிம் பகுதியான கஸ்பாவில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. சித்திரவதை அன்றாட நடைமுறையாயிற்று. பிடித்துச் செல்லப்பட்டோர் பலர் திரும்பி வரவேயில்லை. நீதிமன்றத்தின் வேலையையும் காவல் நிலையத்தின் வேலையையும் நகர நிர்வாகத்தின் வேலையையும் படைவீரனிடம் கொடுத்தபின், அரசாங்கத்தின் வேலையையும் தானே செய்யலாமே என்று அவன் எண்ணத் தொடங்கினால் வியப்பென்ன?

அதற்கான அறிகுறிகள் முன்பே தெரிந்தன. 1956 அக்டோபரில் அகமது பென் பெல்லா உள்ளிட்ட அல்ஜீரியத் தலைவர்கள் மொராக்கோவிலிருந்து துனீசியாவுக்குச் சென்ற விமானத்தை, பிரெஞ்சு இராணுவத்தினர் நடுவானில் திசைதிருப்பி அல்ஜியர்ஸில் இறக்கிக் கைது செய்தனர். பிரதமர் கி மொல்லேவின் முன் அனுமதி இல்லை. நடந்ததைக் கண்டித்து அவர்களை விடுவிக்கும் துணிவும் அவருக்கு இல்லை. 1958 பிப்ரவரி 8 அன்று பிரெஞ்சு விமானங்கள் எல்லை தாண்டித் துனீசியாவின் சாகியத் சீதி யூசுப் என்னும் ஊரின் மீது சந்தை நாளில் குண்டு வீசின. பள்ளிக் குழந்தைகள் உட்பட எழுபது பேர் அளவில் இறந்தனர். பாரிசில் இருந்த அரசு அதற்கும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதங்களில் அந்த அரசு கவிழ்ந்தது. முதலில் படை செய்யும். பிறகு அரசு ஒப்புக்கொள்ளும். இந்த வழக்கம் வேரூன்றிய இடத்தில் தேர்தல் நடந்தும் பயனில்லை.

1958 மே: அரசு வீழ்ந்தது

1958ஆம் ஆண்டு மே 13 அன்று பாரிசில் பியர் ஃப்லிம்லென் பிரதமராகப் பொறுப்பேற்க நாடாளுமன்றத்தின் வாக்கை நாடினார். அவர் அல்ஜீரியத் தலைவர்களுடன் பேச்சு நடத்துவார் என்ற ஐயம் பரவியது. அன்று மாலை அல்ஜியர்ஸில் ஐரோப்பியக் குடியேறிகளின் கூட்டம் அரசுத் தலைமையகத்திற்குள் புகுந்தது. தடுக்க வேண்டிய வீரர்கள் தடுக்கவில்லை. 'பொதுப் பாதுகாப்புக் குழு' ஒன்று அமைந்தது. அதன் தலைவர் ஜெனரல் மாசு. அல்ஜீரியாவில் இருந்த தலைமைத் தளபதி ரவுல் சலான் அதற்குத் துணை நின்றார்.

நாடாளுமன்றம் அஞ்சாமல் ஃப்லிம்லெனுக்கே வாக்களித்தது. ஆயினும் வாக்குப் பெட்டியால் மட்டும் படையை நிறுத்த இயலவில்லை. மே 24 அன்று அல்ஜீரியாவிலிருந்து வந்த வான்குடை வீரர்கள் கோர்சிகாத் தீவைக் கைப்பற்றினர். அடுத்துப் பாரிசிலேயே இறங்கும் திட்டம் தயாராக இருந்தது. மே 28 அன்று ஃப்லிம்லென் பதவி விலகினார். புதுச்சேரி உடன்படிக்கை கையெழுத்தாகிச் சரியாக இரண்டு ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

குடியரசுத் தலைவர் ரெனே கோட்டி, ஓய்வில் இருந்த ஜெனரல் சார்லஸ் டி காலை அழைத்தார். ஜூன் 1 அன்று நாடாளுமன்றம் 329 வாக்குகளால் அவரை ஏற்றது. 224 பேர் எதிர்த்தனர். எல்லாம் சட்டப்படி நடந்தது போலத்தான் இருந்தது. ஆனால் வாக்களித்த ஒவ்வோர் உறுப்பினருக்கும், எதிர்த்தால் வானிலிருந்து வீரர்கள் இறங்குவார்கள் என்பது தெரியும். சில மாதங்களில் பழைய அரசமைப்பு போய்ப் புதியது வந்தது. பிரான்சின் ஐந்தாம் குடியரசு இவ்வாறு பிறந்தது.

1961 ஏப்ரல்: அரசு நின்றது

தளபதிகள் கொண்டுவந்த மனிதர் அவர்கள் விருப்பப்படி நடக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் மறுபக்கம். அல்ஜீரியாவைப் படையால் என்றென்றும் பிடித்து வைக்க இயலாது என்பதை டி கால் படிப்படியாக உணர்ந்தார். 1959 செப்டம்பரில் அல்ஜீரிய மக்களின் தன்னாட்சி உரிமையைப் பற்றிப் பேசினார். 1961 ஜனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் நான்கில் மூன்று பங்கினர் அவரை ஆதரித்தனர்.

ஏப்ரல் 22 விடியற்காலையில் மோரிஸ் ஷால், எட்மோன் ழூவோ, ஆந்த்ரே செலே ஆகிய மூன்று தளபதிகள் அல்ஜியர்ஸைக் கைப்பற்றினர். அடுத்த நாள் சலானும் வந்து சேர்ந்தார். 1958இல் பலித்தது மீண்டும் பலிக்கும் என்று நம்பினர். ஏப்ரல் 23 இரவு டி கால் தம் பழைய இராணுவச் சீருடையில் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தோன்றி, அந்தத் தளபதிகளுக்குக் கீழ்ப்படியக் கூடாது என்று ஒவ்வொரு பிரெஞ்சு மனிதனுக்கும், முதன்மையாக ஒவ்வொரு வீரனுக்கும் ஆணையிட்டார்.

அல்ஜீரியாவில் இருந்த படையினருள் பெரும் பகுதியினர் கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞர்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களின் கையில் சிறிய டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகள் இருந்தன. பாசறையில் படுத்தபடியே அவர்கள் அந்த உரையைக் கேட்டனர். மறுநாள் மேலதிகாரிகளின் ஆணையை நிறைவேற்ற மறுத்தனர்; வண்டிகளை ஓட்ட மறுத்தனர். நான்கே நாட்களில் கிளர்ச்சி உதிர்ந்தது. ஷாலும் செலேயும் சரணடைந்து 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். சலானும் ழூவோவும் தலைமறைவாகி, ஓ.ஏ.எஸ். என்ற இரகசியப் படையின் பெயரால் அல்ஜீரிய முஸ்லிம்கள் மீதும் தம் சொந்த அரசின் மீதும் குண்டுவைப்பில் இறங்கினர்.

1958இல் வென்ற மிரட்டல் 1961இல் தோற்றதேன்? முதல்முறை அரசியல்வாதிகள் அஞ்சினர். மக்கள் பழைய குடியரசின் மீது நம்பிக்கை இழந்திருந்தனர். இரண்டாம் முறை மக்களின் வாக்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் தெளிவாகப் பதிவாகியிருந்தது. கடைசிப் படியில் நின்ற சிப்பாய்க்கும் அது தெரிந்திருந்தது. சட்டத்தைக் காப்பது நீதிபதியும் அமைச்சரும் மட்டுமல்லர். தவறான ஆணைக்கு "முடியாது" என்று சொல்லும் சிப்பாயும் அதைக் காக்கிறான்.

1962: கோப்பு திறந்தது

1962 மார்ச் 18 அன்று எவியான் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜூலை தொடக்கத்தில் அல்ஜீரியா விடுதலை அடைந்தது. இறந்தோர் 15 இலட்சம் என்பது அல்ஜீரிய அரசின் கணக்கு. வரலாற்றாசிரியர் பலரின் கணக்கு அதைவிடக் குறைவு. எந்தக் கணக்கிலும் அது இலட்சக்கணக்கான உயிர்கள்.

அதே ஜூலையில், தூசு படிந்து கிடந்த புதுச்சேரிக் கோப்பு பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் திறக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்டன. அல்ஜீரியா விடியாமல் பாகூருக்கும் வில்லியனூருக்கும் சட்டப்படி விடியவில்லை.

இந்த எட்டு ஆண்டுகள் வெறும் காகிதச் சிக்கலாக இருக்கவில்லை. அந்நாட்களில் புதுச்சேரி, இந்தியாவின் சட்டத்தில் அயலார் நிலத்தில் நிர்வாகம் நடத்துவதற்கான ஏற்பாட்டின்கீழ் ஆளப்பட்டது. மக்கள் வாக்களித்துப் பிரதிநிதித்துவ சபையை அமைத்தனர். ஆனால் ஒன்றியத்தின் ஓர் ஆட்சிப்பகுதி என்ற தகுதி 1962 டிசம்பரில் அரசமைப்புத் திருத்தத்தின் வழியாகவே வந்தது. சட்டமன்றம் 1963 ஜூலையில் உருவாயிற்று.

குடியுரிமை பற்றிய முடிவும் அதுவரை காத்திருந்தது. உடன்படிக்கையின்படி, இங்குப் பிறந்தோர் இந்தியக் குடிகளாயினர். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேரே. ஒரு தாளில் இட்ட கையெழுத்து, ஒரே குடும்பத்தின் கிளைகளை இரு நாடுகளாக்கியது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய நம் 'சொல்தா' வீடுகளின் பிரெஞ்சு ஓய்வூதியமும், பாரிசுக்குப் போன பேரப்பிள்ளைகளும் அந்தக் கையெழுத்தின் தொடர்ச்சிதான்.

அந்த 1962 நம்மைச் சுற்றிலும் கடுமையான ஆண்டாகவே இருந்தது. ஜனவரி 27 அன்று இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசைக் கவிழ்க்க இராணுவ, காவல்துறை அதிகாரிகள் சிலர் தீட்டிய திட்டம் கடைசி நேரத்தில் வெளிப்பட்டுத் தோற்றது. மார்ச் 2 அன்று பர்மாவில் ஜெனரல் நே வின், பிரதமர் ஊ நுவைச் சிறைப்பிடித்து ஆட்சியைப் பறித்தார். அவருடைய அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, ரங்கூனில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்கள், அவர்களுள் நம் சமூகத்து வணிகர்களும், கையில் ஒன்றுமின்றிக் கப்பலேறினர். இராணுவ ஆட்சி என்றால் என்னவென்று தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித் தர வேண்டியதில்லை.

நம் வரலாறும் விதிவிலக்கன்று

பிரெஞ்சுத் தளபதிகளைக் குறை சொல்லி நாம் நிறுத்திவிட்டால் அது நேர்மையாகாது. விடுதலை பெற்ற அல்ஜீரியாவிலேயே 1965 ஜூன் 19 அன்று பாதுகாப்பு அமைச்சராக இருந்த கர்னல் பூமெதியன், பென் பெல்லாவைக் கவிழ்த்தார். 1991 டிசம்பரில் நடந்த முதல் சுற்றுத் தேர்தலில் இஸ்லாமிய மீட்பு முன்னணி 188 இடங்களை வென்றது. இரண்டாம் சுற்று நடப்பதற்கு முன், 1992 ஜனவரியில் இராணுவம் அதிபர் ஷாத்லியைப் பதவி விலக வைத்துத் தேர்தலையே நிறுத்தியது. முன்னணித் தலைவர்களுள் சிலர் மக்களாட்சியையே இகழ்ந்து பேசியவர்கள் என்பது உண்மை. ஆயினும் மக்களின் தீர்ப்பைக் கிழித்ததால் விளைந்தது அமைதியன்று. ஏறத்தாழ பத்து ஆண்டு உள்நாட்டுப் போரும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்ப்பலியும். இரு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் சிக்கியவர்கள் கிராமத்து முஸ்லிம்களே. பாகிஸ்தானில் 1958, துருக்கியில் 1960, எகிப்தில் 2013 என்று பட்டியல் நீள்கிறது.

இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்தில் வேறொரு காட்சி இருக்கிறது. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் வெற்றிமேல் வெற்றி கண்ட தளபதி. 'அல்லாஹ்வின் வாள்' என்று போற்றப்பட்டவர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவரைத் தலைமையிலிருந்து நீக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். வெற்றி அல்லாஹ்விடமிருந்து வருவது என்பதை மறந்து மக்கள் ஒரு மனிதரின் வாளை நம்பத் தொடங்கிவிடக் கூடாது என்பது உமர் (ரலி) அவர்களின் கவலை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். படை முழுவதும் காலிதை நேசித்தது. அவர் கையசைத்திருந்தால் மதீனாவுக்கு எதிராக ஒரு பிளவே எழுந்திருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. புதிய தளபதியின்கீழ் தொடர்ந்து போரிட்டார்.

இரு நூற்றாண்டுகள் கழித்து அந்தப் பண்பு அழிந்தபோது நேர்ந்ததையும் பார்க்கலாம். அப்பாசியக் கலீஃபாக்கள் தம் பாதுகாப்புக்கென்று சாமர்ராவில் துருக்கியப் படையைக் குவித்தனர். 861இல் அந்தக் காவல் படையினரே கலீஃபா அல்-முத்தவக்கிலைக் கொன்றனர். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு கலீஃபாக்கள் மாறினர். காவலுக்கு வைத்த வாள் யார் தலைமேலும் திரும்பும் என்பதை முஸ்லிம் உலகம் மிக முன்பே கற்றது, கற்றதை மறந்தது. ஷூரா எனும் கலந்தாலோசனையின் பெயரால் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருந்தும், நம் நாடுகள் பலவற்றில் ஆலோசனை மண்டபத்தின் சாவி பாசறையில்தான் தொங்கியது.

நம் கொம்யூனுக்கு இதில் என்ன?

இந்தியா இவ்வகையில் நற்பேறு பெற்றது. அந்தப் பேறும் தானாக வரவில்லை. விடுதலைக்குப் பின் தலைமைத் தளபதி வாழ்ந்த பெரிய மாளிகை பிரதமரின் இல்லமாயிற்று. தீன் மூர்த்தி இல்லம் என்று நாம் அறிவது அதுவே. 'தலைமைப் படைத்தளபதி' என்ற பதவிப்பெயர் 1955இல் நீக்கப்பட்டு, தரைப்படை, கடற்படை, வான்படை ஒவ்வொன்றுக்கும் சமமான தலைவர்கள் அமைந்தனர். சிறு மாற்றங்கள் போலத் தோன்றினாலும், யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை அவை எல்லோருக்கும் உணர்த்தின. எதிர்க்கட்சி, செய்தித்தாள், நீதிமன்றம், தவறாமல் நடந்த தேர்தல் ஆகிய நான்கும் அந்தக் கோட்டைக் காத்தன.

ஆயினும் நாம் மார்தட்டிக் கொள்ளும் முன் நம் வாசலைப் பார்க்க வேண்டும். கீழூரில் வாக்களித்த 178 பேருள் பெரும்பாலோர் கொம்யூன் மன்றங்களின் உறுப்பினர்கள். அந்த மன்றங்களுக்கு 1968இல் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. 2011இல் அவற்றின் காலம் முடிந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறாமல் நின்றது. எந்தத் தளபதியும் வரவில்லை; எந்த வான்குடையும் இறங்கவில்லை. இருந்தும் வில்லியனூரின் குப்பைக்கும், பாகூரின் வாய்க்காலுக்கும், சுல்தான்பேட்டையின் தெருவிளக்குக்கும் நாம் தேர்ந்தெடுத்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்கும் உரிமை நம் கையை விட்டு நழுவியது. துப்பாக்கியால் பறிக்கப்படும் வாக்கை உலகமே பேசும். மறதியால் பறிபோகும் வாக்கை அந்த ஊர்க்காரர்களே பேசினால்தான் உண்டு.

அடுத்த ஆகஸ்ட் 16 அன்று, இயன்றால் பிள்ளைகளை ஒருமுறை கீழூருக்கு அழைத்துச் செல்வோம். 170 பேர் ஏற்றதையும் 8 பேர் மறுத்ததையும் சொல்லுவோம். அந்த வாக்கு பாரிசில் எட்டு ஆண்டுகள் ஏன் தூங்கியது என்பதையும், அல்ஜீரியாவின் ஏழைக் குடிகள் சிந்திய இரத்தம் நம் ஊர் வரலாற்றோடு எப்படிக் கலந்திருக்கிறது என்பதையும் சொல்லுவோம். கையில் ஒரு வானொலிப் பெட்டியோடு தவறான ஆணையை மறுத்த அந்தப் பெயர் தெரியாத இளைஞனையும், பதவி பறிக்கப்பட்டபோதும் கட்டுப்பாட்டைக் கைவிடாத காலித் (ரலி) அவர்களையும் சேர்த்தே சொல்லுவோம்.

அநீதியான வலிமையிலிருந்தும், வலிமையற்ற நீதியிலிருந்தும் அல்லாஹ் நம்மையும் நம் நாட்டையும் காப்பானாக. ஆமீன்.